12 யார்ட் ஸ்கிப் எடுக்கும் முன் இந்த பில்லைப் பாருங்கள்

லண்டனில் பழைய வீடு வாங்கித் திருத்திய ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. சமையலறையையும் குளியலறையையும் உடைத்து, பின்தோட்டத்து கான்கிரீட் தளத்தையும் பெயர்த்துவிட்டு, "குப்பை நிறைய இருக்கு, பெரிய ஸ்கிப்பாகத் தாருங்கள்" என்று போனில் கேட்டார்கள். உள்ளே எதைப் போடப்போகிறீர்கள் என்று மறுமுனையில் ஒரு கேள்வி வரவில்லை. ஸ்கிப் என்றால் லாரியில் கொண்டுவந்து வாசலில் வைத்து, நிரம்பியதும் எடுத்துப்போகிற பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி; அதன் கொள்ளளவைக் கன யார்டில் சொல்வார்கள். 12 யார்ட், 360 பவுண்ட் என்று சொல்லி, கார்டில் பணத்தை எடுத்துக்கொண்டார்கள்.

கடைசி பில் இது: வாடகை 360, வாட் (மதிப்புக் கூட்டு வரி) 72, வீணாய்ப் போன லாரிப் பயணம் 120, ஜிப்சம் போர்டு (உட்சுவருக்கும் உட்கூரைக்கும் அடிக்கும் பலகை) கலந்ததற்கு 150, சோபாவுக்கு 75, எட்டு நாள் கூடுதல் வாடகை 80. மொத்தம் 857 பவுண்ட். இவ்வளவும் கட்டிய பிறகு கான்கிரீட்டை மட்டும் தனியாக அள்ள இன்னொரு ஸ்கிப்.

முதல் தவறு அளவில் நடந்தது. ஒரு கன யார்ட் என்பது 0.76 கன மீட்டர். ஆக 12 யார்ட் ஸ்கிப் ஏறத்தாழ 9.2 கன மீட்டர். மண்ணோ கல்லோ கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்று வைத்தால்கூட, நிரம்பிய ஸ்கிப் 14 டன் வரும். சாதாரண ஸ்கிப் லாரியோ தன் சொந்த எடையும் சேர்த்து 18 டன்தான் ரோட்டில் போகலாம். அன்று டிரைவர் தூக்கப் பார்த்தார். நான்கு சங்கிலியும் இறுகின, ஸ்கிப் அசையவில்லை, லாரியின் முன்சக்கரம்தான் தரையை விட்டு எழும்பியது. அப்படியே இறக்கிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பயணத்துக்குத்தான் 120.

அதனால் கல், மண், கான்கிரீட், ஓடு என்றால் 8 யார்ட்டுக்கு மேல் கேட்கவே வேண்டாம். 10, 12, 14, 16 எல்லாம் மரச்சாமான், அட்டை, கம்பளம் போன்ற எடை குறைந்த, இடம் அடைக்கிற சாமானுக்கு. கல் மண்ணை மட்டும் தனி ஸ்கிப்பில் போட்டால் மலிவாகவும் முடியும். குப்பையைப் புதைகுழியில் கொட்டுவதற்கான நிலப்புதைப்பு வரி 2025 ஏப்ரலில் கலப்புக் குப்பைக்கு டன்னுக்கு 126.15 பவுண்டாகவும், சுத்தமான கல் மண்ணுக்கு 4.05 பவுண்டாகவும் இருந்தது. இரண்டு பை சமையலறைக் குப்பையை மேலே எறிந்தால் அந்த வித்தியாசம் முழுக்கப் போய்விடும்.

ஜிப்சம் போர்டை ஏன் தனியே கேட்கிறார்கள்? புதைகுழியில் மக்கும் குப்பையோடு சேர்ந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கிளம்பும். தனிப் பையில் கட்டி, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெத்தை வைத்த சோபா, நாற்காலி வகைகளை இங்கிலாந்தில் 2023 முதல் தனியே பிரித்து, அதற்கான உலையில் எரிக்க வேண்டும், தீத்தடுப்புக்காகச் சேர்த்த ரசாயனம் காரணம். பிரிட்ஜ், டயர், பேட்டரி, பெயின்ட், எரிவாயு சிலிண்டர், ஆஸ்பெஸ்டாஸ் எதுவும் சாதாரண ஸ்கிப்பில் போகாது. ஸ்கிப் வாசலில் நின்றால் ராத்திரியில் அடுத்த தெருக்காரரின் மெத்தையும் அதில் வந்து விழும், அதற்கும் கட்டணம் உங்களிடம்தான். மாலையில் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டுங்கள்.

வாட் விஷயத்தில் அந்த நிறுவனம் செய்தது அப்பட்டமான ஏமாற்று. வீட்டுக்காரருக்கு விலை சொல்லும்போது வாட் சேர்த்தே சொல்ல வேண்டும். "வாட், பெர்மிட், எத்தனை நாள், கூடுதல் நாளுக்கு எவ்வளவு, எத்தனை டன் வரை" என்ற ஐந்தையும் மெயிலில் எழுதி வாங்காமல் கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள். ஸ்கிப்பின் ஒரு மூலை நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தாலும் கவுன்சில் (உள்ளூராட்சி) பெர்மிட் வேண்டும். வழக்கமாக ஸ்கிப் நிறுவனமே எடுக்கும், செலவு உங்கள் தலையில். பார்க்கிங் கட்டுப்பாடு உள்ள தெருவில் அந்த இடத்தில் மற்ற வண்டிகள் நிற்காதபடி ஒதுக்கத் தனிக் கட்டணம்.

பணத்தை வாங்கியவர்களுக்குச் சொந்தமாக லாரியே இருக்காது, அதுவும் நடக்கிறது. இணையத்தில் முன்னால் நிற்பவர் தரகர், ஸ்கிப் வேறு ஒருவருடையது. தகராறு வந்தால் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரை. "லாரி யாருடையது?" என்று கேட்டு, அந்தப் பெயரை குப்பை ஏற்றிச்செல்ல உரிமம் பெற்றவர்கள் இருக்கும் சுற்றுச்சூழல் முகமையின் (Environment Agency) பொதுப் பதிவேட்டில் தேடுங்கள். உரிமம் இல்லாதவரிடம் கொடுத்த குப்பை எங்கேயாவது ரோட்டோரம் கொட்டப்பட்டால், சரிபார்க்காத வீட்டுக்காரருக்கு இங்கிலாந்தில் 600 பவுண்ட் வரை அபராதம் வரலாம்.

பெரிய ஸ்கிப்தான் வேண்டுமா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். இங்கிலாந்துக் கவுன்சில் மறுசுழற்சி மையங்களில் வீட்டில் நீங்களே செய்த சிறு திருத்தவேலைக் குப்பைக்கு 2023 டிசம்பர் 31 முதல் கட்டணம் வாங்கக் கூடாது. ஒரு தடவைக்கு 50 லிட்டர் பை இரண்டு, நான்கு வாரத்தில் நான்கு தடவை. ஓடுகளும் சுண்ணாம்புக் காரையும் மட்டும் என்றால் அதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

100 பவுண்டுக்கு மேல் என்றால் டெபிட் கார்டை விடக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், சொன்னபடி செய்யாவிட்டால் சட்டப்படி வங்கியிடமே கேட்கலாம். லாரி எடுக்க வரும் அன்று, விளிம்புக்கு மேல் எதுவும் நீட்டாமல் இருப்பது தெரியும்படி, லாரி நம்பரும் விழும்படி, நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். "அதிகமாக நிரப்பியிருந்தீர்கள்" என்ற வரி பில்லில் வருவது ஸ்கிப் போய் இரண்டு நாள் கழித்துத்தான்.