வீட்டு சர்வரை வீட்டுக்குள்ளிருந்தே வெளி முகவரியில் திறத்தல்: லூப்பேக்கா, உள் டிஎன்எஸ்ஸா?

வீட்டில் ஒரு சிறு சர்வரை நிறுவி, அதற்கு டொமைன் பெயர் வாங்கி, ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கும் (வெளியிலிருந்து வரும் இணைப்பைக் குறிப்பிட்ட உள் கருவிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) செய்து, வெளியிலிருந்து எல்லாம் ஒழுங்காகத் திறப்பதைக் கண்டு நிம்மதி அடைந்தவர்களில் பலர், வீட்டுக்கு வந்து அதே கைபேசியில் அதே பெயரைத் தட்டியதும் திகைத்திருப்பார்கள். பக்கம் திறக்காது, சில ரூட்டர்களில் சர்வருக்குப் பதிலாக ரூட்டரின் உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். என் பழைய ரூட்டரில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. இணைய சேவை நிறுவனம் அதை மாற்றிப் புதியதைப் பொருத்திய நாளில்தான், அதுவரை எனக்காக ரூட்டர் ஒரு வேலையைச் சத்தமின்றிச் செய்துவந்திருக்கிறது என்பதே தெரிந்தது.

கைபேசியின் முகவரி 192.168.1.20, சர்வரின் முகவரி 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். கைபேசி பொது முகவரிக்கு (டொமைன் பெயர் சுட்டும், இணையத்தில் ரூட்டருக்குள்ள முகவரி) அனுப்பும் பாக்கெட்டில், அதாவது தரவுப் பொதியில், சேருமிடத்தை மட்டும் மாற்றி ரூட்டர் சர்வரிடம் கொடுக்கிறது. அனுப்பியவர் தன் வலையமைப்பிலேயே இருப்பதைக் காணும் சர்வர், பதிலை ரூட்டரிடம் கொடுக்காமல் நேரே கைபேசிக்கு அனுப்பிவிடுகிறது. பொது முகவரியிலிருந்து பதிலை எதிர்பார்த்திருக்கும் கைபேசியோ, 192.168.1.50 இலிருந்து வருவதைத் தான் கேட்காத பதிலென்று தள்ளிவிடுகிறது.

இதற்கான முதல் தீர்வு என்ஏடி லூப்பேக் (என்ஏடி என்பது ரூட்டர் பாக்கெட்டின் முகவரிகளை மாற்றி எழுதும் முறை). ஹேர்பின் என்றும் சொல்வார்கள். ரூட்டர் அனுப்புநரின் முகவரியையும் தன் உள் முகவரியாக மாற்றிவிடுவதால், பதில் மீண்டும் ரூட்டர் வழியாகவே வந்து சரியான முகத்தோடு கைபேசியைச் சேர்கிறது. தரவை அனுப்பும் முறைகளான யுடிபி, டிசிபி இரண்டுக்கும் உள்ள இணையத் தரநிலை ஆவணங்களில், யுடிபிக்கு 2007 ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 4787, டிசிபிக்கு 2008 ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 5382 ஆகியவை இதைக் கட்டாயம் என்றே வகுத்திருந்தாலும், இந்த வசதியே இல்லாத வீட்டு ரூட்டர்கள் இன்றும் உண்டு. வசதி இருந்தால், எந்தக் கருவியிலும் எதையும் தொட வேண்டியதில்லை. குறை என்று பார்த்தால், வீட்டிலிருந்து வரும் இணைப்புகள் அனைத்தும் சர்வரின் பதிவேட்டில் ரூட்டரின் முகவரியிலேயே தெரியும். தவறான கடவுச்சொற்களை எண்ணித் தடை விதிக்கும் மென்பொருள் இருந்தால், ஒருவர் செய்த பிழைக்கு வீடு முழுவதும் கதவடைப்பு.

இரண்டாவது வழி உள் டிஎன்எஸ், அதாவது பெயருக்குரிய முகவரியைச் சொல்லும் சேவையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது. வெளியிலிருந்து கேட்பவருக்குப் பொது முகவரியையும், வீட்டுக்குள்ளிருந்து கேட்பவருக்கு 192.168.1.50 ஐயும் பதிலாகத் தருமாறு பெயரை இரண்டாகப் பிரித்து வைப்பதே இதன் சாரம். டிஎன்எஸ்மாஸ்க், பைஹோல், அன்பவுண்ட் ஆகிய டிஎன்எஸ் மென்பொருள்கள் எதிலும் ஓரிரு வரிகளில் இது முடிந்துவிடும். பெயர் மாறாததால் தளத்தின் அடையாளத்தை உலாவிக்கு உறுதிசெய்யும் டிஎல்எஸ் சான்றிதழும் எந்த எச்சரிக்கையுமின்றிச் செல்லுபடியாகும். நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

வேகம், பதிவேடு போன்றவற்றைவிட என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: வெளி இணைப்பு அறுந்தால் வீட்டுக்குள் என்ன நடக்கும்? லூப்பேக்கை நம்பியிருக்கும் வீட்டில், பெயருக்கான முகவரியைக் கேட்கவே வெளியே போக வேண்டும். முன்பு கேட்ட பதில் நினைவில் இருந்தாலும், அதற்குரிய காலம் தீர்ந்ததும் அதுவும் போய்விடும். பிபிபிஓஇ போன்ற, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ரூட்டர் உள்நுழையும் இணைப்புகளில் லைன் விழுந்ததும் ரூட்டர் தன் பொது முகவரியையே இழந்துவிடுகிறது. எந்த முகவரியை நோக்கிய பாக்கெட்டைத் திருப்ப வேண்டுமோ, அந்த முகவரியே அப்போது இல்லை. இணைப்பு திரும்பிய பிறகும், புதிய முகவரி கிடைத்திருந்தால், டைனமிக் டிஎன்எஸ் (மாறும் பொது முகவரியைப் பெயரோடு இணைத்து வைக்கும் சேவை) பதிவு புதுப்பிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டும். ஆக, பக்கத்து அறையில் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுக்க, தெருவுக்கு அப்பாலுள்ள கேபிள் நலமாக இருக்க வேண்டும் என்றாகிறது. உள் டிஎன்எஸ்ஸில் பெயரும் பாதையும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், இணையம் இல்லாத மாலையிலும் கேமராவும் கோப்புகளும் அதே பெயரில் திறக்கின்றன.

ஆனால் இதைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. டிஎன்எஸ் ஓடும் கருவி நின்றால், வீட்டில் எந்த இணையதளமும் திறக்காது. அதற்கு அஞ்சி டிஹெச்சிபியில் (கருவிகளுக்கு முகவரியும் டிஎன்எஸ் விவரமும் வழங்கும் ஏற்பாடு) இரண்டாவதாக ஒரு வெளி டிஎன்எஸ்ஸைச் சேர்த்தேன்; கருவிகள் இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும் என்பதால், சர்வர் ஒரு நேரம் திறப்பதும் ஒரு நேரம் மறுப்பதுமாக இரண்டு நாள் அலைக்கழித்தது. அடுத்து, 2018 இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள பிரைவேட் டிஎன்எஸ் (டிஎன்எஸ் கேள்விகளை மறையாக்கி அனுப்புவது) அமைப்பில் ஒரு வெளிச் சேவையின் பெயரை இட்டிருந்தாலோ, உலாவியில் ஒரு வெளிச் சேவையின் பாதுகாப்பான டிஎன்எஸ் இயங்கிக்கொண்டிருந்தாலோ, அந்தக் கருவியோ உலாவியோ உங்கள் உள் பதிலைக் கேட்கவே கேட்காது. டிஎன்எஸ் மாற்றுவது முகவரியைத்தான், போர்ட்டை (ஒரு கருவியில் எந்தச் சேவை என்று குறிக்கும் எண்) அல்ல என்பதும் நினைவிருக்கட்டும்: வெளியே 8443, உள்ளே 443 என்று வைத்திருப்பவர்களுக்கும், ஒரே பெயரின் வெவ்வேறு போர்ட்டுகளை வெவ்வேறு கருவிகளுக்குப் பிரித்திருப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தாது. அவர்கள் போர்ட்டுகளை ஒன்றாக்க வேண்டும், அல்லது முன்னால் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸியை (வரும் கோரிக்கைகளை வாங்கி உரிய சர்வருக்கு அனுப்பும் மென்பொருள்) நிறுத்த வேண்டும்.

பெயரையும் அதன் உள் முகவரியையும் கணினியிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி வைப்பது இடம் மாறாத மேசைக் கணினிக்குப் போதும். மடிக்கணினி வாசலைத் தாண்டியதும் அதுவே தொல்லையாகிவிடும். 100.64.0.0/10 வரம்பிலிருந்து முகவரி பெறும் சிஜிஎன்ஏடி (ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குச் சேவை நிறுவனம் பகிர்ந்தளிக்கும் முறை) இணைப்புகளில் பொது முகவரி உங்கள் ரூட்டரில் இல்லவே இல்லை என்பதால், அங்கு ரூட்டரின் லூப்பேக்கைப் பற்றிப் பேசவே இடமில்லை. புதிய முகவரி முறையான ஐபிவி6 இல் உள்ளும் வெளியும் ஒரே முகவரிதான்; கோட்பாட்டளவில் இந்தச் சிக்கல் மறைந்துவிட வேண்டும். அதை மட்டுமே வைத்து நான் சில வாரங்களுக்கு மேல் ஓட்டிப் பார்த்ததில்லை, ஆகவே பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

பின்னர் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ரூட்டர் மென்பொருள் ஓடும் சொந்த ரூட்டருக்கு மாறினேன். அதில் போர்ட் ஃபார்வர்டிங் விதி எழுதினாலே லூப்பேக்கும் இயல்பாகச் சேர்ந்துவிடுகிறது; நான் அதை அணைக்கவில்லை. உள் டிஎன்எஸ்ஸைக் கேட்காத விருந்தினர் கைபேசிகள் அந்த வழியாக வந்து போகின்றன.