ஒன்பது வருஷ விறகடுப்பு அனுபவம்: எந்த மரம் எரியும், எது பிளக்கும்

காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். குளிக்கிற சுடுதண்ணீர், விசேஷத்துக்குக் கறிக்குழம்பு எல்லாமே வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் இருக்கும் விறகடுப்பில்தான். 2016ல் இருந்து விறகை நானே பார்த்து வாங்கி நானே பிளக்கிறேன். புதிதாக விறகடுப்பு வைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

விறகு எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், அதை மறக்காதீர்கள். முதல் வருஷம் ஐப்பசி மழைக்கு நடுவில் ஒரு டன் வாங்கினேன், பாதிக்கு மேல் பச்சை. அடுப்பில் வைத்தால் வெட்டுவாயில் நுரை தள்ளுகிறது, உஸ்ஸென்று சத்தம், வீடு முழுக்கப் புகை, அண்டாவின் அடியில் கரி பிசின் மாதிரி அப்பிக்கொண்டது. உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போகிற வரைக்கும் மரம் ஒழுங்காக எரியாது. பின்னால் ஒரு வருஷம் வைகாசியில் ஈரத்தோடு பிளந்த வெள்வேல் கட்டை ஒன்றில் சுண்ணாம்பால் கோடு போட்டு நிறுத்தேன், 4 கிலோ 200 கிராம். புரட்டாசிக் கடைசியில் அதே கட்டை 2 கிலோ 900. போனதெல்லாம் தண்ணீர், அத்தனைக்கும் காசு கொடுத்திருக்கிறோம்.

வாங்கும்போது இரண்டு கட்டையை ஒன்றோடு ஒன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், பச்சை தொப்பென்று அடங்கிவிடும். வெட்டுவாயில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தால் நல்ல விறகு.

என் அனுபவத்தில் வெள்வேலுக்கு நிகர் இல்லை. கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே, கிளுவை வேலிக்குள் நிற்குமே, அதுதான். வெளிறிய பட்டை, வெட்டினால் உள்ளே செவ்வைரம், தணல் நின்று எரியும். ஆனால் அதன் காய் ஆட்டுக்குத் தீனி, அதனால் விறகுக்காக நிற்கிற மரத்தை வெட்ட எனக்குச் சம்மதமில்லை. காற்றில் சாய்ந்தது, கழித்த கிளை, இவ்வளவுதான் வாங்குவேன். மீதித் தேவைக்குச் சீமைக் கருவேலம் இருக்கிறது, சூட்டில் குறைவில்லை, எவ்வளவு வெட்டினாலும் காட்டுக்கு நல்லது. முள் செருப்பைத் துளைத்து ஏறும், அதற்கு மட்டும் ஜாக்கிரதை.

வேம்பு நடுத்தரம், சாயங்காலம் வைத்தால் கொசு அண்டாது. பற்றவைக்கத் தென்னம்பாளையும் மட்டையும் போதும், ஆனால் தென்னந்தண்டைப் பிளக்கப் போகாதீர்கள், முழுக்க நார், கோடாலி புதைந்து நின்றுவிடும். முருங்கை வீண். அரளியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அடுப்பில் வைக்காதீர்கள், புகையே விஷம்.

சரி, பிளப்பது. காய்ந்த பிறகு பிளந்துகொள்ளலாம் என்று முதல் இரண்டு வருஷம் போட்டுவைத்தேன். வெள்வேல் காய்ந்தால் கோடாலி துள்ளித் திரும்பி வருகிறது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பார்த்துவிட்டு, "ஏனப்பா அதோட மல்லுக்கட்டற, ஈரத்துலயே பொளந்துரோணும்" என்றார். அன்றிலிருந்து வண்டியில் இறங்கின வாரமே பிளந்துவிடுகிறேன். கைக்கும் சுலபம், பிளந்த வாய் வழியாக ஈரம் சீக்கிரம் இறங்கி மூன்று நான்கு மாதத்தில் காய்ந்தும் விடுகிறது. பட்டையோடு முழுக்கட்டையாகக் கிடந்தால் ஒரு வருஷம் ஆனாலும் நடுவில் ஈரம் நிற்கும்.

புளி தனிக்கதை. நல்ல சூடு, ஆனால் நார் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வளர்கிற மரம். நடுவில் ஓங்கிப் போட்டால் ஒன்றும் ஆகாது. வெட்டுவாயில் இருக்கிற சின்ன வெடிப்பைப் பார்த்து, ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்குச் செதில் செதிலாகக் கழற்றிக்கொண்டே சுற்றி வர வேண்டும். நடுக்கட்டை மிஞ்சும்போது அதே வெடிப்பில் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் இரண்டு போடு, உள்ளே நார் ஒவ்வொன்றாக அறுகிற சத்தம் கேட்கும். அப்போது அவசரப்படக் கூடாது, அடுத்த ஆப்பை முன்னே நகர்த்தி வைத்து அடித்தால் தானாக வாய் திறக்கும். கவைக் கட்டையோடு போராட வேண்டாம், அப்படியே சுடுதண்ணீர் அடுப்பில் பின்னால் தள்ளிவிடுங்கள்.

அப்புறம் ஒரு உபாயம். பழைய பைக் டயருக்குள் கட்டைகளை நிறுத்தி வைத்துப் பிளந்தால் துண்டு காலில் தெறிக்காது, ஒவ்வொரு போட்டுக்கும் குனிந்து எடுத்து வைக்கிற வேலையும் இல்லை.

இப்போது வைகாசி முடிவதற்குள் பிளந்து, மேற்குக் காற்று உள்ளே புகுந்து போகிற மாதிரி இடைவெளி விட்டு அடுக்கிவிடுகிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று இருக்கிறதே, அதைவிட நல்ல உலர்த்தி கிடையாது. மேலே மட்டும் தகரம், பக்கவாட்டில் எதையும் கட்டி மூடாதீர்கள், மூடினால் பூஞ்சை பிடிக்கும். அடியில் இரண்டு வரிசை செங்கல் வையுங்கள், மண்ணில் நேராக அடுக்கினால் கரையான் ஏறிவிடும்.