சாட்சிப் படியும் முதலாளி சாப்பும்

இந்தத் தடவை மலேசியாவில் மாமா ஊரான சுங்கை சிப்புட் போனபோது ஏர்போர்ட், ஈப்போ ரயில், கிராப் டாக்சி எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. அவற்றை விடுங்கள். என் வயிற்றெரிச்சல் முழுக்க ஒரு ரப்பர் சாப்பு, அதாவது முத்திரை, மேல்தான்.

மாமா செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கிறவர். கண்ட்ராக்டரிடம் டன் கணக்கில் கூலி. இறங்காத நாளுக்கு ஒரு காசு கிடையாது. தோட்டத்து முனையில் நடந்த மோட்டார் விபத்தைப் பார்த்துவிட்டார் என்று கோர்ட்டில் சாட்சி சொல்ல சம்மன் வந்துவிட்டது. அத்தைக்குத் தூக்கம் போயிற்று. 1948-இல் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது இந்த வட்டாரத்தில்தான். போலீஸ், கோர்ட்டு என்றால் ஒதுங்கிப் போ என்று சொல்லித்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளை வளர்த்தார்கள்.

கோர்ட்டில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். வழக்கு தள்ளிப்போனது. மாமாவை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சரி, போன கூலியையும் வண்டிச் செலவையுமாவது கேட்போம் என்று கவுண்டருக்குப் போனால், அங்கிருந்த காக் (மலாய் அக்கா) ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாப் மஜிகான் மானா, பாக்சிக்?" (முதலாளி சாப்பு எங்கே, மாமா?) என்றார். முதலாளி கடிதம் வேண்டும், அதில் கம்பெனி சாப்பு வேண்டுமாம். டன் கணக்குக் கூலிக்காரனுக்கு எந்த முதலாளி கடிதம் எழுதித் தருகிறான்?

நான் வேலை பார்க்கும் இங்கிலாந்தின் லெஸ்டரில் நானும் ஒரு முறை அரசுத் தரப்புச் சாட்சியாகப் போயிருக்கிறேன். அங்கே கணக்கு அச்சடித்தே இருக்கும். வேலையில் இழந்த நேரம் 4 மணி நேரத்துக்கு மேல் என்றால் அதிகபட்சம் 67 பவுண்டு, அதற்குள் என்றால் 33.50, சொந்தத் தொழில்காரருக்கு நாளுக்கு 42.95. சாப்பாட்டுக்கு 5 மணி நேரம் வரை 2.25 பவுண்டு. அந்தக் காசுக்கு லெஸ்டரில் ஒரு நல்ல சாண்ட்விச் வராது; சுங்கை சிப்புட்டில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் முடித்து மிச்சமும் பார்க்கலாம். எனக்குப் போன சம்பளம் 67-ஐத் தாண்டியது, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனாலும் எங்கள் அலுவலகச் சம்பளப் பிரிவில் ஒருத்தி ஃபாரத்தை நிரப்பி மின்னஞ்சலில் தட்டிவிட்டாள். நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை. மாதச் சம்பளக்காரியாக இருந்ததால் பிழைத்தேன். இரண்டு ஊரிலும் ஃபாரம் எழுதியவர்கள் மாமா மாதிரி ஆளை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் சாப்பு வேட்டை. கண்ட்ராக்டர் வீட்டில் இல்லை, தராசுக் கொட்டகையில் இருக்கிறார் என்றார்கள். அங்கே போனால் சாப்பு லாரியில் இருக்கிறது, லாரி மில்லுக்குப் போயிருக்கிறது. வெயிலில் காத்திருந்தோம். லாரி வந்தது. ரசீதுப் புத்தகத்துக்கும் வெற்றிலைப் பொட்டலத்துக்கும் நடுவிலிருந்து சாப்பை எடுத்தார். மைப்பெட்டி காய்ந்து வெடித்துக் கிடந்தது. மனிதர் சாப்பு மேல் 'ஹா' என்று ஊதி, லாரி பானட்டில் தாளை வைத்து ஓங்கி ஒரு குத்து. கம்பெனிப் பெயரில் பாதி வந்தது, கம்பெனி நம்பர் வரவில்லை. "இது போதும்டா" என்றார். மாமா தலையாட்டினார். நான் விடவில்லை, பஞ்சில் தண்ணீர் விட்டுத் திரும்பக் குத்த வைத்தேன். இப்போது மை பரவி, எல்லா எழுத்தும் ஒன்றாகிவிட்டது.

"விடும்மா, ஒரு நாள் கூலிதானே" என்றார் மாமா. இதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் அதிகமானது. சாட்சிக்கு வராவிட்டால் வாரண்ட் என்று மிரட்டத் தெரிகிறது, வந்தவனுக்குக் கொடுக்க வேண்டியதை மட்டும் அவனே ஓடி ஓடிக் கேட்க வேண்டுமா?

மறுநாள் சண்டைக்குத் தயாராகத்தான் கவுண்டருக்குப் போனேன். அந்தக் காக் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், சிரித்தார். கண்ட்ராக்டருக்குத் தானே போன் போட்டு கம்பெனி நம்பர் கேட்டு, ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார். மாமாவுக்கு உட்கார நாற்காலி போட்டு, பேங்க் புக்கைத் தானே நகல் எடுத்துக் கொடுத்தார். லெஸ்டரில் என் முகத்தைக்கூட யாரும் பார்த்ததில்லை.

காசு பேங்கில் ஏறும் என்றார்கள். இதை எழுதும்வரை ஏறவில்லை. வழக்குக்கு அடுத்த தேதி கொடுத்தாயிற்று. மாமா விவரமானவர். கண்ட்ராக்டரைப் பிடித்துப் புது மைப்பெட்டி வாங்க வைத்து, இரண்டு வெற்றுத் தாளில் இப்போதே சாப்பு குத்தி வாங்கி வைத்துவிட்டாராம்.