விஆருக்கு எந்தக் கார்டு? 9070 எக்ஸ்டி, 5070 டிஐ, 5080, 5090

கிராபிக்ஸ் கார்டு விளம்பரங்களில் வரும் பட்டை வரைபடங்கள் எல்லாம் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து விளையாடுகிறவர்களுக்காகப் போட்டவை. விஆர் (மெய்நிகர் உலகம்) ஹெட்செட்டைத் தலையில் மாட்டுகிறவர் அதே வரைபடத்தை நம்பிக் கடைக்குப் போனால், தனக்கு உதவாத வசதிக்குப் பணம் கொடுத்துவிட்டு, வேண்டியதைக் கோட்டை விட்டுத் திரும்புவார். விஆரில் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஹெட்செட். கார்டு அதற்குப் பின்னால்தான். இங்கே பார்க்கும் நான்கில் 9070 எக்ஸ்டி ஏஎம்டியுடையது, மற்ற மூன்றும் என்விடியாவுடையவை.

கணக்கைப் பாருங்கள். 4கே மானிட்டரில் சுமார் 83 லட்சம் பிக்சல். மெட்டா குவெஸ்ட் 3இல் கண்ணுக்கு 2064×2208. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம். கிட்டத்தட்ட 4கே அளவுதானே என்று தோன்றும். ஆனால் லென்ஸ் படத்தை வளைப்பதால், அதை ஈடுகட்ட மென்பொருள் படத்தைப் பெரிதாக வரைந்து பிறகு சுருக்குகிறது. பக்கத்துக்கு 1.4 மடங்கு என்று வைத்தால் மொத்தம் ஒரு கோடியே 79 லட்சம் பிக்சல், அதாவது 4கேயைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதை 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படம் (ஃபிரேம்) என்ற வேகத்தில், ஒவ்வொரு 11.1 மில்லிசெகண்டுக்குள்ளும் வரைந்து முடிக்க வேண்டும்.

மானிட்டரில் ஒரு ஃபிரேம் தாமதமானால் லேசாகத் தட்டும், அவ்வளவுதான். ஹெட்செட்டில் அப்படி விட முடியாது. தலை திரும்பிவிட்டது, படம் வரவில்லை என்றால் வயிறு புரட்டும். அதனால் மென்பொருள் பழைய படத்தையே தலையின் அசைவுக்கேற்ப நகர்த்திக் காட்டி, விளையாட்டை 45 ஃபிரேமுக்கு இறக்கிவிடும். விமானத்தின் இறக்கை விளிம்பும் கையில் பிடித்த துப்பாக்கியும் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிவது இதனால்தான். ஆகவே சராசரி ஃபிரேம் எண்ணிக்கை இங்கே அதிகம் சொல்லாது. மோசமான ஃபிரேம் எத்தனை மில்லிசெகண்ட் எடுத்தது என்பதே கேள்வி.

இன்னொன்று. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090க்கு இணையாக ஓடும் என்றார். அந்தக் கணக்கு, ஏஐ கொண்டு படத்தை மேம்படுத்தும் என்விடியா மென்பொருளான டிஎல்எஸ்எஸ் 4இன் ஃபிரேம் ஜெனரேஷனை நம்பியது. ஒரு ஃபிரேமை வரைந்து, மூன்றை ஊகித்து நுழைப்பது. ஹெட்செட்டில் அது வேலை செய்யாது. விஆருக்காகப் பார்க்கும்போது ஃபிரேம் ஜெனரேஷன் எண்கள் உள்ள வரைபடங்களைத் தயங்காமல் தள்ளிவிடலாம். டிஎல்எஸ்எஸ்ஸின் மற்ற பாதி, அதாவது சிறிதாக வரைந்து பெரிதாக்குவது, விஆரிலும் நன்றாகப் பயன்படும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

| கார்டு | நினைவகம் | நினைவக வேகம் (நொடிக்கு) | மின்சாரம் | அறிமுக விலை |
|---|---|---|---|---|
| ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி | 16 ஜிபி | 640 ஜிபி | 304 வாட் | 599 டாலர் |
| ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ | 16 ஜிபி | 896 ஜிபி | 300 வாட் | 749 டாலர் |
| ஆர்டிஎக்ஸ் 5080 | 16 ஜிபி | 960 ஜிபி | 360 வாட் | 999 டாலர் |
| ஆர்டிஎக்ஸ் 5090 | 32 ஜிபி | 1792 ஜிபி | 575 வாட் | 1999 டாலர் |

9070 எக்ஸ்டியா, 5070 டிஐயா

மானிட்டரில் இவை இரண்டும் தோளோடு தோள் நிற்கும். ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) அதிகம் இல்லாத விளையாட்டுகளில் வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. வாரத்தில் ஆறு நாள் மானிட்டர், ஞாயிறு மட்டும் ஹெட்செட் என்பவருக்கு 150 டாலர் வித்தியாசத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வோம்.

ஹெட்செட்தான் முக்கியம் என்றால் கதை மாறுகிறது. குவெஸ்ட் 3க்குக் கேபிள் போட்டாலும் போடாவிட்டாலும் படம் வீடியோவாகச் சுருக்கப்பட்டுத்தான் போகிறது. அதனால் கார்டில் இப்படிச் சுருக்கும் பகுதியான வீடியோ என்கோடரும் படத்தின் தரத்தை முடிவு செய்கிறது. ஹெச்.264 என்ற வீடியோ வடிவத்துக்கான ஏஎம்டியின் என்கோடர் பல ஆண்டுகளாகப் பின்தங்கியே இருந்தது. 9070 தலைமுறையில் நிறையத் தேறியிருக்கிறது. என்றாலும் என்விடியா பக்கமே இன்னும் கை ஓங்கியிருக்கிறது. நான்கு கார்டுகளிலும் ஏவி1 என்ற புதிய வடிவத்துக்கான என்கோடர் உண்டு, குவெஸ்ட் 3 அதைப் படிக்கும். குவெஸ்ட் 2 படிக்காது. வால்வ் 2025 நவம்பரில் அறிவித்த ஸ்டீம் ஃபிரேமும் கம்பியில்லா ஸ்ட்ரீமிங்கை நம்பிய ஹெட்செட்தான் என்பதால், இந்த என்கோடர் விஷயம் சீக்கிரம் பழையதாகாது.

அடுத்தது மென்பொருள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், போர் விமானம் ஓட்டும் டிசிஎஸ் போன்ற கனமான விஆர் சிமுலேட்டர்களில் டிஎல்எஸ்எஸ் நெடுநாளாக இருக்கிறது. பழைய வடிவத்தில் காக்பிட் திரையின் எண்கள் மாறும்போது பேய்நிழல் விழுந்து படிக்க முடியாமல் இருந்தது. டிஎல்எஸ்எஸ் 4இன் டிரான்ஸ்ஃபார்மர் என்ற புதிய ஏஐ மாடலில் அது பெரிதும் குறைந்துவிட்டது. டிஎல்எஸ்எஸ்ஸுக்குப் போட்டியான ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 தரத்தில் சளைத்ததல்ல. ஆனால் விளையாட்டு குறைந்தபட்சம் எஃப்எஸ்ஆர் 3.1ஐ ஆதரித்தால்தான் வழி திறக்கும், விஆர் உலகில் அப்படிப்பட்டவை குறைவு. டிரைவர் வரலாறும் நினைவில் இருக்கட்டும்: 2022 டிசம்பரில் வந்த 7900 எக்ஸ்டிஎக்ஸ் சில விஆர் விளையாட்டுகளில் முந்தைய தலைமுறைக் கார்டைவிட மோசமாக ஓடியது. அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆனது.

டிஸ்ப்ளேபோர்ட் கம்பியில் நேராக இணையும் ஹெட்செட் வைத்திருப்பவருக்கு என்கோடர் பொருட்டே இல்லை. வால்வ் இண்டெக்ஸ், பிக்ஸ்கிரீன் பியாண்ட், பிசி அடாப்டரோடு பிஎஸ் விஆர்2 எல்லாம் இந்த வகை. அங்கே 9070 எக்ஸ்டியின் குறைகள் பாதியாகச் சுருங்கும். மற்றபடி குவெஸ்ட் 3 வைத்திருப்பவருக்கு எங்கள் தேர்வு 5070 டிஐ.

5080 ஏன் இடறுகிறது

5070 டிஐயில் 8960 கோர் (கணக்குப் போடும் அலகு), 5080இல் 10752. 20 சதவீதம் கூடுதல். நினைவக வேகம் 7 சதவீதம் கூடுதல். நினைவக அளவு அதேதான். இந்தியாவில் என்விடியா அறிவித்த தொடக்க விலையோ 80,000 ரூபாய்க்கு எதிராக 1,07,000 ரூபாய், மூன்றில் ஒரு பங்கு அதிகம். கடையில் இரண்டுமே அதற்கு மேல்தான் போகும்.

ஹெட்செட்டில் இந்த 20 சதவீதம் முழுதாகக் கைக்கு வருவதில்லை. 5070 டிஐ ஒரு ஃபிரேமுக்கு 13 மில்லிசெகண்ட் எடுக்கும் இடத்தில் 5080 எப்படியும் 11.3க்கு அருகில்தான் நிற்கும். 90 ஹெர்ட்ஸ் வாசலைத் தாண்டாது. அந்த இடத்தில் புதுப்பிப்பு வேகத்தை 72 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் போதும். ஃபிரேமுக்கு 13.9 மில்லிசெகண்ட் கிடைக்கும், 27,000 ரூபாயும் மிஞ்சும். 4கே மானிட்டரே பிரதானம், விஆர் இரண்டாம்பட்சம் என்பவருக்கு 5080 நியாயமான கார்டு. விஆருக்காக மட்டும் அதை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை.

5090: யாருக்கு

பீட் சேபர், ஹாஃப்-லைஃப் அலிக்ஸ் விளையாட இது வீண். பிமாக்ஸ் கிரிஸ்டலில் கண்ணுக்கு 2880×2880, கிரிஸ்டல் சூப்பரில் 3840×3840. இந்த ஹெட்செட்டோடு ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறவருக்கும், யூஇவிஆர் என்ற மென்பொருள் வழியாக, அன்ரியல் என்ஜினில் செய்த சாதாரண விளையாட்டுகளை விஆராக மாற்றி விளையாடுகிறவருக்கும் 5090 ஆடம்பரமல்ல. 5080ஐப் போல இரண்டு மடங்கு கோர் இருந்தும் 4கே மானிட்டரில் சுமார் 50 சதவீதம்தான் வேகம் கூடுகிறது. பிக்சல் ஏற ஏற இந்த இடைவெளி அகலும்.

அதைவிடப் பெரிய காரணம் 32 ஜிபி. நினைவகம் நிரம்பி வழிந்தால் மீதி, கணினியின் ரேமுக்குப் போகும். அங்கிருந்து பிசிஐஇ 4.0 (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) வழியாக நொடிக்குச் சுமார் 32 ஜிபிதான் வர முடியும். 5080 கார்டுக்குள்ளேயே இருந்தால் 960 ஜிபி. முப்பதில் ஒரு பங்கு. பெரிய விமான நிலையத்தை நெருங்கும்போது, அதுவரை வழுக்கிக்கொண்டு ஓடிய படம் திடீரென்று விக்கத் தொடங்கினால், பெரும்பாலும் இதுதான் சங்கதி. 16 ஜிபி கார்டில் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கினாலே பல நேரம் விக்கல் நின்றுவிடும்.

செகண்ட்ஹேண்ட் 4090ஐயும் ஒதுக்கக் கூடாது. 24 ஜிபி, 5080ஐவிடச் சற்று வேகம். ஆனால் சிப்பும் நினைவகமும் கழற்றப்பட்ட வெற்று போர்டுகள் விற்பனைக்கு வந்ததுண்டு. ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். ஸ்லாட் கொக்கிப் பக்கம் போர்டில் விரிசல் இருக்கிறதா, பவர் கனெக்டர் பழுப்பேறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மின்சாரம்

என்விடியா கார்டுகளில் உள்ள 16 பின் கனெக்டரில் 12 வோல்ட் கம்பிகள் ஆறு. 575 வாட் என்றால் 48 ஆம்பியர், கம்பிக்கு 8. ஒரு பின் தாங்குவது 9.5. இடைவெளி எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். அதுவும் ஆறும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால்தான் இந்தக் கணக்கு. பங்கீடு பிசகினால் கார்டு அதைக் கண்டுபிடித்து நிறுத்துவதில்லை. 2025 பிப்ரவரியில் கணினிப் பாகங்களை வரம்பு மீறி ஓட்டிச் சோதிக்கும் ஜெர்மன் ஓவர்கிளாக்கர் டெர்பாவர் அளந்தபோது ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. கனெக்டர் உருகுவது இப்படித்தான். 360 வாட் 5080இல் கம்பிக்கு 5 ஆம்பியர் மட்டுமே என்பதால் அவ்வளவு பயம் இல்லை. 9070 எக்ஸ்டியின் பெரும்பாலான மாடல்களில் பழைய 8 பின் கனெக்டர்களே வருகின்றன, அதில் இந்தத் தலைவலியே கிடையாது.

5090 வாங்கினால் ஏடிஎக்ஸ் 3.1 தரத்திலான 1000 வாட் பவர் சப்ளை, அதனுடனேயே வந்த கேபிள். வேறு கம்பெனிக் கேபிள் வேண்டாம். கனெக்டரை இடைவெளி தெரியாத அளவு அழுத்துங்கள், முதல் 3.5 செ.மீ. தூரத்துக்குக் கேபிளை வளைக்காதீர்கள். பிறகு ஆஃப்டர்பர்னர் செயலியில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். 460 வாட்தான் இழுக்கும், வேகத்தில் போவது சொற்பம். 5080க்கு 850, மற்ற இரண்டுக்கும் 750 வாட் போதும்.

வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். 5090 போட்ட கணினியை அதில் மாட்டினால் கரண்ட் போகும் அந்த நொடியே அணையும். இன்னொன்று, 5090ஐ முழு வீச்சில் ஓட்டினால் கணினி மொத்தமாக 700 வாட்டை அறைக்குள் வெப்பமாகக் கொட்டும். ஒரு டன் ஏசியின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும், முகத்தில் ஹெட்செட் வேறு.

மாட்டிய பிறகு

ஸ்டீமில் விற்கும் எஃப்பிஎஸ்விஆர் கருவியை ஓடவிட்டு, ஸ்டீம்விஆரில் தெளிவை 100 சதவீதத்தில் நிறுத்தி, ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) நேரம், சிபியு (கணினியின் முதன்மைச் சிப்) நேரம் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஜிபியு 8 மில்லிசெகண்டிலேயே முடித்துவிட்டும் படம் விக்கினால் சிபியுதான் குற்றவாளி. ஃபிளைட் சிமுலேட்டரில் இது சாதாரணம். அங்கே கார்டை மாற்றுவதைவிட 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி போன்ற பெரிய கேஷ் (சிப்புக்குள்ளேயே உள்ள நினைவகம்) கொண்ட சிபியு பலன் தரும். குவெஸ்ட் என்றால் கணினியிலிருந்து ரூட்டருக்கு கிகாபிட் ஈதர்நெட் கம்பி கட்டாயம். இரண்டு பக்கமும் வைஃபையாக இருந்தால் எந்தக் கார்டும் காப்பாற்றாது.

என்விடியாவின் 50 தலைமுறைக் கார்டைப் பழைய ரைசர் கேபிளில் (கார்டை ஸ்லாட்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் நீட்டிப்பு) மாட்டி, திரை கறுப்பாகவே இருந்தால் பதற வேண்டாம். சிபியுவிலேயே கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டரை மதர்போர்டின் சொந்த டிஸ்ப்ளே போர்ட்டில் செருகி, பயாஸில் பிசிஐஇ வேகத்தை ரைசர் தாங்கும் அளவுக்கு, பெரும்பாலும் 4.0 என்று பூட்டுங்கள், படம் வந்துவிடும்.

ஜிபியு-இசட் செயலியைத் திறந்து ஆர்ஓபி (பிக்சலை இறுதியாக எழுதும் அலகு) எண்ணிக்கையையும் பார்த்துவிடுங்கள்: 5070 டிஐக்கு 96, 5080க்கு 112, 5090க்கு 176. 2025 தொடக்கத்தில் வந்த கார்டுகளில் ஒரு சிறு பங்கு எட்டு ஆர்ஓபி குறைவாக வெளிவந்ததை என்விடியாவே ஒப்புக்கொண்டது. எண் குறைந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு மாற்றிக் கேளுங்கள். டிரைவர் மாற்றிப் பார்ப்பதில் நாளைக் கடத்த வேண்டாம், அது சிப்பிலேயே உள்ள குறை.