க்ளாக் 17: காவல் பணிக்கு எவ்வளவு பொருந்தும்?

காவலருக்குத் துப்பாக்கி வாங்குவது பற்றிப் பேச்செடுத்தாலே எத்தனை தோட்டா பிடிக்கும், எவ்வளவு பலமாக அடிக்கும் என்றுதான் உடனே கேட்கிறார்கள். ஒரு காவலரின் நாள் எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள்: ரோந்து, வாகனச் சோதனை, வீட்டுச் சண்டையை விலக்கிவிடுவது, அடிபட்டவரைத் தூக்குவது, ஓடுகிறவனைத் துரத்துவது. இத்தனைக்கும் துப்பாக்கி இடுப்பிலேயேதான் கிடக்கும். பயிற்சித் திடலுக்கு வெளியே ஒருமுறைகூடச் சுடாமல் ஓய்வு பெறுகிறவர்கள் நிறைய. அந்த வாழ்க்கைக்கு க்ளாக் 17 என்ற கைத்துப்பாக்கி சரிப்படுமா என்பதுதான் என் கேள்வி.

சுமப்பதற்கு நல்ல துப்பாக்கி, அதில் சந்தேகமே இல்லை. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டது. சட்டகம் பாலிமர் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் என்பதால் வெறும் துப்பாக்கி சுமார் 630 கிராம்தான், 17 தோட்டாவும் போட்டால் 900 கிராமை ஒட்டி வரும். வாக்கி டாக்கி, விலங்கு, லத்தி எல்லாம் ஏற்கெனவே தொங்கும் பெல்ட்டில் இந்த எடைக் குறைவு ஷிப்ட் முடியும்போதுதான் தெரியும்.

இது சுடும் 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள தோட்டா போதாது என்பவர்களுக்கு அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் கதையே பதில். 1986 மியாமி துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஏஜெண்டுகளைப் பறிகொடுத்த பிறகு பெரிய தோட்டாக்களுக்குப் போனார்கள், அப்புறம் 9 மில்லிமீட்டருக்கே திரும்பினார்கள். தோட்டாவின் தரம் இடையில் நன்றாக உயர்ந்துவிட்டது, உதைப்பும் குறைவு, அதனால் குறியும் சரியாக விழுகிறது.

எனக்குக் கவலை தருவது ட்ரிக்கர். தனியாகத் தள்ளிவிடும் சேஃப்டி லீவர் கிடையாது. உள்ளே இருக்கும் மூன்று பாதுகாப்புகளும் கீழே விழுந்தால் வெடிக்காமல் காக்கும், ஆனால் ட்ரிக்கரை எது இழுத்தாலும் வழிவிட்டுவிடும், அது விரலா உறைக்குள் மாட்டிக்கொண்ட சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது. 1993-ல் ரிவால்வரிலிருந்து மாறத் தொடங்கிய நியூயார்க் போலீஸ் சுமார் ஐந்தரை கிலோ இழுவையுள்ள ட்ரிக்கரைத் தேர்ந்தெடுத்தது, வழக்கமானதோ இரண்டரை கிலோதான். அவர்கள் பயம் புரிகிறது. ஆனால் அவ்வளவு கனமாக இழுக்கும்போது கை ஆடி, தோட்டா குறி தவறி வழிப்போக்கர் மேல் பாயலாம். வழக்கமான ட்ரிக்கரும் கூடுதல் பயிற்சியும்தான் என் தேர்வு.

இதைவிடப் பெரிய குறை, சுத்தம் செய்யக் கழற்றுவதற்கு முன் ட்ரிக்கரை அழுத்தியே ஆக வேண்டும் என்பது. தோட்டாக்கள் அடங்கிய மேகசினை எடுத்துவிட்டோமே என்ற நினைப்பில், சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் சேம்பரில் ஒன்றை விட்டுவிட்டால் முடிந்தது கதை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் எம் அண்ட் பி கைத்துப்பாக்கியை ட்ரிக்கரைத் தொடாமலே கழற்ற முடியும், அந்த ஒரு விஷயத்தில் அதற்குத்தான் என் ஓட்டு.

க்ளாக்கின் நான்காம் தலைமுறை வடிவத்திலிருந்து கைப்பிடியின் பின்பக்கத்தைக் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அப்படியும் சின்னக் கை உள்ளவர்களுக்குப் பெரிதாகத் தோன்றினால் 15 தோட்டா பிடிக்கும் க்ளாக் 19-ஐக் கொடுங்கள், எல்லாருக்கும் ஒரே அளவு என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். துப்பாக்கி வாங்கிய கையோடு பணத்தைத் தீர்த்துவிடவும் வேண்டாம். பிறர் சட்டென்று உருவிவிட முடியாத, ட்ரிக்கரை முழுக்க மூடும் கெட்டியான உறையும் வருடம் முழுக்கப் பழகத் தோட்டாவும் அதே பட்ஜெட்டில் வந்தாக வேண்டும்.

சட்டகத்தின் முன்புறம், குழலுக்கு அடியில் உள்ள பொருத்துப் பள்ளத்தில் டார்ச் மாட்டலாம், இருட்டில் ரொம்ப உதவி. ஆனால் அதைக் காட்டித் தேடும்போது வெளிச்சம் படுகிறவர் மேல் துப்பாக்கி முனையும் சேர்ந்தே போகிறது, தேடுவது தொலைந்த குழந்தையாகக்கூட இருக்கலாம். அதனால் கையில் பிடிக்கும் டார்ச்சைத் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும்.