எம்ஜிபிக்கு பவர் ஸ்டியரிங் கிட்: கறுப்பு பெயிண்டுக்கு அடியில் இருந்தது பட்டி

பழைய எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருப்பவர்கள் யாராவது "எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் கிட், வீட்டிலேயே ஒரு சனிக்கிழமையில் மாட்டிவிடலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து மனசு சபலப்பட்டால், காசு அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 1,250 பவுண்ட் போனது. கை கால் போகவில்லை, அந்த மட்டில் சரி.

என்னுடையது 1973 எம்ஜிபி ஜிடி, குரோம் பம்பர் வண்டி. இங்கிலாந்தில் மிட்லண்ட்ஸ் பக்கம் குடியிருக்கிறேன், ஆறு வருடமாக வீட்டு கராஜில்தான் இதன் வைத்தியமெல்லாம். அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார் என்பதால் சின்ன நட்டு முதல் முழு பாடி வரை எல்லாம் இன்னும் கிடைக்கும். அதனாலேயே இதை வைத்துப் பிழைக்கிறவர்களும் அதிகம்.

போன வருடம் இடது தோள்பட்டை இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாத நிலை. வண்டியோ முந்தைய உரிமையாளர் போட்ட அகலமான டயர், அழகுக்காகப் போட்ட சின்னத் தோல் ஸ்டியரிங் வீல் சகிதம் நிற்கிறது. ஒருநாள் வீட்டு முன்னால் திருப்பி நிறுத்த நான் பட்ட பாட்டைப் பார்த்து, "இது காரா, செக்கா?" என்று கேட்டாள் மனைவி. அன்று இரவே தேட ஆரம்பித்துவிட்டேன்.

இந்த கிட் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எம்ஜிபியின் ராக் அண்ட் பினியனில் (வீலின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக்கிச் சக்கரத்தைத் திருப்பும் பல் அமைப்பு) கையே வைப்பதில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டியரிங் காலத்தை (column, வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டு) கழற்றிவிட்டு, மோட்டார் பொருத்திய வேறொரு காலத்தை அங்கே மாட்டுகிறார்கள். பெரும்பாலும் வாக்ஸ்ஹால் கோர்சா மாதிரி சின்னக் காரிலிருந்து எடுத்த காலம். அதன் ஷாஃப்ட்டை வெட்டி, எம்ஜிபியின் ஸ்ப்லைன் (நீளவாட்டுப் பல் வரிகள்) உள்ள துண்டை இரண்டு பக்கமும் இணைப்பார்கள். வீல் திரும்பும் விசையை ஒரு சென்சார் அளந்து சொல்ல, மோட்டார் கூடச் சேர்ந்து தள்ளும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்கு ஒரு குமிழ். இந்த முறையில் குற்றமில்லை. நல்ல கைகள் ஸ்லீவ் (இணைப்பின் மேல் மாட்டும் குழாய்) போட்டு வெல்டிங் செய்து, சோதனையும் செய்துதான் அனுப்புகிறார்கள். அவர்களிடம் இரண்டாயிரத்துக்குக் குறைந்து கிடைக்கவில்லை.

எனக்கு வாய்த்தவர் 1,450 என்றார். புது மோட்டார், சான்றிதழ் பெற்ற வெல்டர், பன்னிரண்டு மாத உத்தரவாதம். "கார்டில் கட்டினால் கமிஷன் போய்விடும், பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தால் 200 குறைத்துக்கொள்கிறேன்" என்றார். நானும் பேரம் படிந்த சந்தோஷத்தில் அனுப்பிவிட்டேன்.

விளம்பரத்திலேயே ஒரு வரி என்னை உஷார்படுத்தியிருக்க வேண்டும். "1962 முதல் 1980 வரை எல்லா எம்ஜிபிக்கும் அப்படியே பொருந்தும்" என்று போட்டிருந்தது. 1967 வரை வந்த வண்டிகள் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருக்கும்), சார்ஜுக்கு டைனமோ. துருவத்தை மாற்றாமல் அதில் இதை இணைத்தால் கன்ட்ரோல் பெட்டி புகைந்துவிடும், டைனமோவும் இந்தச் சுமையைத் தாங்காது. எம்ஜிபியைத் தொட்டுப் பழகிய யாரும் அந்த வரியை எழுத மாட்டார்கள். எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் என் வண்டி 1973, எனக்கென்ன என்று தாண்டிப் போய்விட்டேன்.

பத்து நாளில் வரும் என்றது ஏழு வாரம் கழித்து வந்தது. பெட்டியைத் திறந்தால் பச்சைத் துண்டில் சுற்றிய ஸ்டியரிங் காலம், இரண்டு தாள் மங்கிய ஜெராக்ஸ். "புது" மோட்டாரின் உடம்பில் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் எழுதிய ஒரு எண், பாதி அழிந்த நிலையில். வண்டி உடைக்கும் யார்டுகளில் பாகத்தைக் கழற்றியதும் அப்படித்தான் எழுதி வைப்பார்கள். நேரே காயலான் கடைச் சரக்கு. மோட்டாருக்குப் போகும் ஒயரில் 20 ஆம்பியர் ஃபியூஸ். நின்ற இடத்தில் முழுக்கத் திருப்பினால் இந்த மோட்டார் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சரி, ஒயரை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று அப்போதும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை பேட்டரியைக் கழற்றி, வீலை நேராக வைத்து, வேலையைத் தொடங்கினேன். பழைய ஸ்டியரிங் காலத்தை எடுப்பது பெரிய கஷ்டமில்லை. (ஸ்டியரிங் வீல் நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மரை விட்டு வைத்து இழுங்கள், இல்லையென்றால் வீல் திடீரென்று கழன்று மூக்கில் இடிக்கும். அனுபவம்.) புதியதை மாட்டும்போதுதான் இடறியது. எம்ஜிபியில் ஸ்டியரிங் காலத்தின் கீழ் முனை யுனிவர்சல் ஜாயின்ட்டுக்குள் (மடங்கித் திரும்பும் மூட்டு) போகும். அதைப் பிடிக்கும் போல்ட், ஷாஃப்ட்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் வழியாகக் குறுக்கே செல்லும். போல்ட் லேசாகத் தளர்ந்தாலும் ஷாஃப்ட் உருவிக்கொண்டு வராமல் இருக்க அந்தப் பள்ளம். வந்த ஷாஃப்ட்டில் பள்ளம் இருந்தது, அரை அங்குலம் தள்ளி. விற்றவருக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினேன். "ஷாஃப்ட்டைக் கொஞ்சம் மேலே இழுத்து, போல்ட்டை நன்றாக இறுக்குங்கள், போதும்" என்று பதில்.

போதாது என்று தெரிந்தாலும், மின்சார வேலையாவது சரியா பார்க்கலாமே என்று முன்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, தற்காலிகமாக இணைத்து, சாவியைத் திருப்பினேன். நான் வீலைத் தொடவில்லை. அது தானாக இடது பக்கம் திரும்ப ஆரம்பித்தது. மெதுவாக, நிற்காமல், முட்டும் வரை. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி. விசையை அளக்கும் சென்சார் நடுப்புள்ளி தப்பியிருந்தால் இப்படித்தான் நடக்கும். நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

கழற்றி மேசையில் போட்டேன். ஷாஃப்ட் முழுக்கப் பளபளவென்று கறுப்பு பெயிண்ட். இணைப்பு இருக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினால் உலோகம் வரவில்லை, வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. பட்டி. கதவு ஒடுக்கலுக்குப் பூசுவோமே, அதே பாடி ஷாப் பட்டி. அதைத் துடைத்ததும் தெரிந்தது: இரண்டு ஷாஃப்ட்டையும் ஸ்லீவ் இல்லாமல் முனையோடு முனை வைத்து, நான்கு இடத்தில் மட்டும் பொட்டு வைத்தது போல வெல்டிங். நடுவில் நகம் நுழையும் இடைவெளி.

வெல்டராக வேலை பார்க்கும் ஊர்க்காரத் தம்பி ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தை அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை அடித்தார். கொஞ்ச நேரத்தில் நான்கு பொட்டுகளில் இரண்டின் குறுக்கே, வெள்ளைச் சுவரில் வெற்றிலை எச்சில் கசிவது போல, மெல்லிய சிவப்புக் கோடு எழுந்து வந்தது. ரோட்டில் ஏறாமலேயே விரிசல். "அண்ணே, இதை மாட்டியா ஓட்டப் பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் டீ போடப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்தது வழக்கமான கதை. "மாட்டிய பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்." "உங்கள் ஒயரிங்தான் தப்பு." பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு ஆள் வேண்டுமே? விளம்பரத்தில் இருந்த கம்பெனி பெயர் கம்பெனிகள் பதிவேட்டில் இல்லை. பணம் போனது ஒரு தனிநபர் கணக்குக்கு. நான் அனுப்பிய கடிதம் "இந்த முகவரியில் இல்லை" என்று திரும்பி வந்தது.

வங்கியில் கேட்டேன். 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றி டிரான்ஸ்ஃபர் செய்ய வைத்த பணத்தை 85,000 பவுண்ட் வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் பொருள் கைக்கு வந்து, அது மட்டமாக இருந்தால் அதை மோசடியாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம், வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலான தகராறாம். ஒரு வெற்றுப் பெட்டியை அனுப்பியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்! இதே தொகையை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரையுள்ள பொருளுக்கு அது செல்லும். அந்த 200 பவுண்ட் தள்ளுபடி எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்று. இங்கே 40 வருடம் தாண்டிய வண்டிக்கு 2018 மே முதல் எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச்) சோதனை கட்டாயமில்லை. ஆனால் ஸ்டியரிங் முறையை மாற்றுவது "கணிசமான மாற்றம்" பட்டியலில் வருகிறது. பாதுகாப்புக்காகச் செய்ததற்கு விலக்கு உண்டு என்றாலும், இந்தப் பட்டி வெல்டிங்கைக் காட்டிப் பாதுகாப்பு என்று யாரிடம் சொல்வது? இன்ஷூரன்ஸிலும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். நான் கேட்டபோது இன்ஜினியர் அறிக்கை கேட்டார்கள்.

இதில் எனக்கு ரொம்ப வலித்தது வேறு. பழைய ஸ்டியரிங் காலத்தைத் திரும்ப மாட்டும்போது வெல்டர் தம்பி, "முதல்ல எது இறுக்கம்னு பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. முன்பக்கத்தைத் தூக்கி, டிராக் ராடு (ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) முனைகளைச் சக்கரப் பக்கத்து ஸ்டியரிங் ஆர்மிலிருந்து கழற்றினோம். ராக் தனியாக வெண்ணெய் மாதிரி ஓடியது. வீல் ஹப்பைக் கையால் ஆட்டினால் வலது பக்கம் அசையவே மறுக்கிறது. எம்ஜிபியில் கிங்பின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) உண்டு, ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள், 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். நானும் அடித்துக்கொண்டுதான் இருந்தேன், சக்கரம் தரையில் நிற்கும்போது. எடை ஏறிய பக்கம் கிரீஸ் போகவே போகாது, தூக்கி வைத்துத்தான் அடிக்க வேண்டும். வலது பக்கம் ஒரு நிப்பிள் முழுக்க அடைத்திருந்தது. உள்ளே துருதான், கிரீஸின் வாசனைகூட இல்லை.

இரண்டு பக்கமும் கிங்பின் செட்டை மாற்றி, பழைய அளவு டயருக்குத் திரும்பி, பெரிய வீலைப் போட்டாயிற்று. நின்ற இடத்தில் திருப்பினால் இப்போதும் கனம்தான். காஸ்டர் கோணமே (திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) 7 டிகிரி, அது அப்படித்தான் இருக்கும். சக்கரம் ஓர் அடி உருண்டுவிட்டால் என் தோளுக்கு வலியே இல்லை.

அந்த ஷாஃப்ட்டை வேறு யார் கையிலும் சிக்காமல் இருக்க ஆங்கிள் கிரைண்டரில் மூன்று துண்டாக அறுத்துவிட்டேன். விளம்பரம் இப்போது வேறு பெயரில் மறுபடியும் வந்திருக்கிறது. படத்தில் அதே பச்சைத் துண்டு, மோட்டாரில் இன்னொரு மஞ்சள் எண். விலை 1,395. டிரான்ஸ்ஃபர் செய்தால் இப்போதும் 200 குறைப்பாராம்.