சக்தி போன நாயகனா, போலி நாயகனா?

11 நிமிட சூப்பர் ஹீரோ கார்ட்டூனுக்குக் கதை பண்ணும்போது சட்டென்று கைக்கு வரும் உத்திகள் இரண்டு: நாயகன் தன் சக்தியை இழப்பது, நாயகனைப் போலவே இன்னொருவன் வந்து ஏமாற்றுவது.

சக்தி இழப்புக் கதைக்கு விதி தெளிவாக இருக்க வேண்டும். எதனால் போனது, எப்படித் திரும்பும் என்பது முதல் 3 நிமிடத்துக்குள் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட வேண்டும். பெரும்பாலும் சொதப்புவது முடிவில்தான். வில்லனை அடிக்கும் நேரம் பார்த்துச் சக்தி தானாக வந்துவிடும். அப்புறம் நடுவில் நாயகன் பட்ட பாட்டுக்கு என்ன அர்த்தம்? வாளியையும் கயிற்றையும் வைத்தே வில்லனை மடக்கட்டும், சக்தி அதற்குப் பிறகு வரட்டும். அந்தக் கயிறு முன்பே ஒரு காட்சியில், சும்மா கிடப்பதுபோல, கண்ணில் பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் ஏமாற்று வேலைதான்.

போலி நாயகன் கதையில் சிரிப்பு அதிகம், வேலை குறைவு: இருக்கிற உருவத்துக்கே நிறத்தை மாற்றினால் போதும். ஆனால் 4, 5 வயதுப் பிள்ளைகள் யார் அசல் என்று குழம்பிவிடுவார்கள். பட்டையின் நிறமோ நடையோ, ஏதாவது ஓர் அடையாளம் பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும், கதைக்குள் இருப்பவர்கள் கவனிக்கக் கூடாது. "அது அவன் இல்ல!" என்று பிள்ளைகள் திரையைப் பார்த்துக் கத்துவது அதனால்தான். நண்பன் ரகசியக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிப்பது தேய்ந்துபோன வழி. நாயகனின் ஒரு பழக்கத்தை வைத்துப் பிடிப்பது மேல்.

எனக்குப் பிடித்தது முதலாவது. ஆனால் தொடரின் தொடக்க எபிசோடுகளில் இரண்டுமே எடுபடாது: பழகாத சக்தி போனால் யாருக்கும் வலிக்காது, பழகாத நாயகனுக்குப் போலி வந்தால் வித்தியாசமே தெரியாது.